மலைப் பேருந்தில் ஒரு பனிப் பாடம்

சில வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம் நடந்தது இது. கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன அரசுப் பள்ளியில் அப்போது நான் சமூக அறிவியல் ஆசிரியை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கடற்கரைக்காரி. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர், அம்மா மீன் விற்றவர். நான் படித்த பாடப்புத்தகத்தில் எங்கள் கடல் ஒரே ஒரு வரியில் வரும். ‘கடலோர மக்களின் தொழில் மீன்பிடித்தல்.’ அவ்வளவுதான். கோதுமை வயலும் நிலக்கரிச் சுரங்கமும் மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும். நாங்கள் என்ன, கணக்கிலேயே சேர்த்தி இல்லையா என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் ஆசிரியர் பயிற்சிக்கே போனேன்.

முதலில் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. அங்கே போர்ஷனை முடிப்பதற்கே மூச்சு முட்டும். வேறெதையும் யோசிக்க நேரமில்லை. அரசு வேலை கிடைத்து மலைக்கு வந்த பிறகுதான் நினைத்ததைச் செய்து பார்க்க முடிந்தது.

பிள்ளைகள் பெரும்பாலும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால்வெட்டும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். விடியுமுன் அம்மாமார் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்விடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் துருவப் பகுதியும் பாலைவனமும் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பாடங்களைத் தள்ளிவிட்டு ரப்பர் மரம், பால் வடிகிற சிரட்டை, காட்டாறு என்று அவர்கள் ஊரையே பாடமாக்கினேன். ‘என் அம்மாவின் வேலை’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள். ‘என் அம்மா பால்வெட்டும் வேலை செய்கிறார். அது நல்ல வேலை.’ எழுதிப் பழக்கமில்லை, போகப் போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சி வகுப்புகளுக்குப் போகும்போது மற்ற ஆசிரியர்களிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவும் செய்வேன்.

அன்றைக்கு மத்தியானமே மழை விட்டு மூடுபனி இறங்கிவிட்டது. வகுப்பறைக்குள்ளேயே வந்து கரும்பலகை முன்னால் நின்றது. பள்ளி விட்டதும் வழக்கம்போலக் கீழே போகிற பேருந்தில் ஏறினேன். கீழ்க் குடியிருப்புகளில் இறங்க வேண்டிய பிள்ளைகள் கொஞ்சம் பேர், வேலை முடிந்து போகிற இரண்டு மூன்று பெண்கள், நான். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஒரு வரிசை தெரிந்தது. அடுத்த வரிசை நிழல் மாதிரி. அதற்கப்புறம் உலகமே இல்லை. பேருந்து எதன் மேலேயோ மிதந்து போவது போல இருந்தது.

ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் விளக்கையும் அணைத்தார். கண்டக்டர் குனிந்தபடியே பின்னால் வந்தார்.

“ஆனை நிக்குது. குட்டியும் கூட உண்டு. ஒருத்தரும் சத்தம் போடப்பிடாது, கேட்டியளா?”

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பனியில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த இடம் மூச்சு விட்டது.

அலை எனக்குப் பழக்கம். யானை பழக்கமில்லை. முன் சீட்டில் ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி விசும்பத் தொடங்கினாள். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

“டீச்சரே, பிள்ளையள ஒண்ணு பாத்துக்கிடுங்க.”

அந்தச் சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மற்ற பிள்ளைகளும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். என்ன சொல்லி அமர்த்துவது என்று தெரியவில்லை. அப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண் என் காதோரம் வந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

“டீச்சர், அந்தப் பனிப்பாடம் சொல்லுங்க. நீங்க நடத்தாம விட்டீங்கல்லா, அது.”

“இப்பவா?”

“ஆமா டீச்சர். ரப்பர் எங்களுக்குத் தெரியும்லா. இது தெரியாதுல்லா.”

அந்த நேரத்தில் யோசிக்க எங்கே முடிந்தது? கிசுகிசுப்பாகவே சொல்ல ஆரம்பித்தேன். எங்கே பார்த்தாலும் வெள்ளை. மரம் கிடையாது. கடலே உறைந்து கெட்டியாகிக் கிடக்கும், அதன்மேல் மனிதர்கள் நடந்து போவார்கள். இதைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. கோபப்பட்டேன் என்றேனே, அதே கோதுமை வயல் படத்தைச் சின்ன வயதில் எத்தனை தடவை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்! இரைச்சலே இல்லாத ஒரு மஞ்சள் கடல் என்று நினைத்து அதற்குள் போய் வருவேன். அதை எப்படி அடியோடு மறந்துபோனேன்?

“அங்க ஆனை உண்டா?” மடியிலிருந்த குட்டி கேட்டாள்.

“இல்ல மக்கா.”

“ரப்பர் வருமா?” என்றான் ஒரு பையன்.

“வராது. அந்தக் குளிருக்குப் பட்டுப்போவும். மாசக்கணக்குல சூரியனே எட்டிப் பாக்காது. ஒரே ராத்திரியா கெடக்கும்.”

அந்த ஏழாம் வகுப்புப் பெண் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்போ அங்க விடியவே விடியாதா டீச்சர்?”

“அந்த மாசமெல்லாம் விடியாது.”

“எங்க அம்மைய அங்க கொண்டு விடணும். விடியுமுன்ன எழும்ப வேண்டாம்லா. நல்லா ஒறங்குவா. இஞ்ச சோறு வடிச்சிட்டு நிக்கும்போதே ஒறங்கிப்போவா டீச்சர். நான்தான் பானையப் பிடிச்சுக்கிடுவேன்.”

அவள் எழுதின கட்டுரை என் மேசையில்தான் இருந்தது. இதில் ஒரு சொல்கூட அதில் கிடையாது.

பக்கத்து சீட்டில் இருந்த பால்வெட்டுக்காரப் பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். “எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைட்டி மக்கா” என்றார். மற்ற பெண்களும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யானைகள் எப்போது போயின என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. டிரைவர் எஞ்சினைப் போட்டபோதுதான் வெளியே திரும்பினோம். சாலை வெறுமையாக, வெள்ளையாகக் கிடந்தது.

மறுநாளே நான் தள்ளிவிட்ட பாடங்களைத் திரும்ப எடுத்தேன். ரப்பரையும் காட்டாற்றையும் விட்டுவிடவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பாலைவனத்துக்கு அழைத்துப் போன நாளில்தான், தண்ணீருக்காகத் தங்கள் வீட்டில் நடக்கிற சண்டையை அவர்களாகவே சொன்னார்கள். பயிற்சி வகுப்புகளில் நான் பேசுவதும் குறைந்துபோனது.

இப்போது இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், முடிவாகச் சொல்ல இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒரு பாடத்தைத் தள்ளப் போகும்போதெல்லாம், இது எந்தப் பிள்ளையின் அம்மாவைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்குமோ என்று நினைப்பு வந்து என் கை நின்றுவிடுகிறது.