அஞ்சு நிமிசம் சும்மா படுங்க

எங்கள் பக்கத்து ஆட்களை அஞ்சு நிமிசம் பேசாமல் படுக்கவைப்பது இருக்கிறதே, அப்பப்பா! இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, தேனிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியல் துறையில் இருந்தேன். சர்க்கரை நோயாளிகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து ஆராய்வது என் வேலை. எனக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும். "பேசாதீங்க, மூச்ச எப்பவும்போல விடுங்க" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போகும்.

நல்ல இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதில் மெதுவான அலை எவ்வளவு, வேகமான அலை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிரித்து மேடு மேடாகப் படம் போடும். மெதுவானது இடப்பக்கம், வேகமானது வலப்பக்கம். வலப்பக்க மேடு மூச்சோடு சேர்ந்தது; மூச்சை மெதுவாக்கினால் அது இடப்பக்கம் நகர்ந்துவிடும். நாள்பட்ட சர்க்கரையில் இதயத்துக்குப் போகும் நரம்பு கெட்டால் மேடுகள் அமுங்கிவிடும்.

ஒருநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்குப் பத்து வருசச் சர்க்கரை. ஒரு மாதமாக எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பந்தலுக்கு அடியில் ஒருமுறை விழுந்தும்விட்டார். டெஸ்ட் நல்லபடியாக வந்தால்தான் தோட்டம் என்று அந்தம்மா வண்டிச் சாவியை ஒளித்து வைத்திருந்தார்.

"வீட்டுல வச்சும் சமாளிக்க முடியல டாக்டரம்மா. கொழம்புக்கு உப்புப் போடக்கூட யோசன சொல்றாக" என்றார் அந்தம்மா.

மனிதர் படுத்தார். வாயே திறக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம். படம் வந்ததும் சந்தோசம் போச்சு. வலப்பக்கம் வெறிச்சென்று கிடக்க, இடப்பக்கம் ஒற்றை மேடு பனைமரம் மாதிரி நிற்கிறது.

"மூச்ச எண்ணி எண்ணி விட்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "அஞ்சு எண்ணி இழுத்து, அஞ்சு எண்ணி விடணும்னு இவதான் சொன்னா."

"வெளிய பெஞ்சுல பேசிக்கிட்டாக. அப்படிச் செஞ்சா படம் நல்லா வருமாம்ல?" என்றார் அந்தம்மா.

எனக்கு வந்ததே கோபம்! "இது என்ன பரீட்சையா, பிட் அடிச்சுப் பாஸாக?"

அந்தம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இவுக நல்லா இருக்காகன்னு ஒரு வார்த்த கேக்கணும்னுதான் தாயீ."

வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அவர் மெதுவாக மூச்சு விட்டார் சரி, இதயமும் கூடவே ஏறி இறங்கியிருக்கிறதே! கெட்ட நரம்பென்றால் எத்தனை எண்ணினாலும் அந்தப் பனைமரம் முளைக்காது.

"அம்மா, இப்படி ஏமாத்துறதுக்கே நல்ல நரம்பு வேணும். இவருக்கு அது இருக்கு" என்றேன்.

எண்ணாமல் மூச்சு விடச் சொல்லி மறுபடி படுக்கவைத்தேன். வலப்பக்கம் சின்னதாக, அவர் வயசுக்குத் தக்கபடி ஒரு மேடு வந்தது. அப்புறம் ஏன் விழுகிறார்? நிற்கவைத்துப் பார்த்தால் பிரஷர் மளமளவென்று இறங்கியது. மருந்துச் சீட்டில் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை இருந்தது. பொது மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே அதை மாற்றிக் கொடுத்தார்கள்.

மறுவாரம் இருவரும் வந்தார்கள். நிற்கவைத்தேன், உட்காரவைத்தேன், மறுபடி நிற்கவைத்தேன். பிரஷர் அசையவில்லை. "தாராளமா தோட்டத்துக்குப் போகலாம்" என்றதும் அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை இல்லாத ஆட்களும் எனக்கு வேண்டியிருந்தது. "நீங்க படுக்கிறீகளா?" என்று அந்தம்மாவைக் கேட்டேன். "இந்த வாய வச்சுக்கிட்டா?" என்றபடியே படுத்தார். வயர்களை மாட்டினேன். இரண்டாவது நிமிசமே சன்னமாகக் குறட்டை. தூங்கினால் பதிவு வீண். எழுப்பக் கையை நீட்டினேன்.

"எழுப்பாதீக டாக்டரம்மா" என்றார் அவர் கணவர், ரகசியம் போல. "ராத்திரி நான் எந்திரிக்கிறப்பல்லாம் விழுந்துருவேன்னு கூடவே எந்திரிச்சு வருவா. இவ தூங்கி ஒரு மாசமாச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷினை நிறுத்தினேன். அந்தக் கட்டிலை மத்தியானம் வரை யாருக்கும் கொடுக்கவில்லை.