அரைச் சக்கர சாம்பியன்

புதுவாயல் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருந்த துலுக்காணத்துக்கு வாய் சும்மா இருக்காது. யாரையாவது வம்புக்கு இழுத்தால்தான் அவருக்கு டீ ஆற்றவே கை வரும். அவர் வம்பில் நாள் தவறாமல் மாட்டியவன் லாரி ஷெட் மெக்கானிக் தானியேல்.

"வா வாத்யாரே! அம்மன் போட்ட பிச்சை எப்டி கீது? டெய்லி தொடச்சி வைக்கிறியா?"

பிச்சை என்று அவர் சொன்னது தானியேல் வீட்டு அலமாரியில் இருந்த கப்பை. மேலே வெள்ளி முலாம், கீழே மரக்கட்டை, கட்டையில் 'சாம்பியன்' என்று ஆங்கிலத்தில் எழுத்து. அதை ஜெயித்தவன் ஏழெட்டு வருஷமாக ஒரு டீயைக்கூட நிம்மதியாகக் குடித்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது.

தானியேலின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். மகனுக்குச் சேற்றில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. மீசை முளைக்கும் முன்பே லாரி ஷெட்டில் போய் ஒட்டிக்கொண்டான். வேலை சுத்தம். ஒரே ஒரு குறை, ரிப்பேருக்கு வந்த மோட்டார் பைக் எதுவாக இருந்தாலும் 'டிரையல் பார்க்கிறேன்' என்று ஆரம்பாக்கம் வரைக்கும் பறந்துவிட்டு வருவான். ஆந்திரா எல்லை மட்டும் அங்கே இல்லையென்றால் நெல்லூருக்கே போயிருப்பான். 'ஊத்தின பெட்ரோல காணோமே' என்று வண்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஷெட் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அப்போது சோழவரத்தில், உலகச் சண்டைக் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில், வருஷா வருஷம் ரேஸ் நடக்கும். மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர்கள் கறுப்புக் கண்ணாடியும் சாப்பாட்டுக் கூடையுமாக வருவார்கள். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகும். அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், 'உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு மோட்டார் பைக் பந்தயம், சாம்பியன் பட்டம்' என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று ஓட்டம், அதிகம் ஜெயிப்பவனுக்குக் கப்பு. தானியேல் முதலாளியின் காலைப் பிடித்து ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு போய் நின்றான்.

அவனுக்குச் சரியான எதிரியாக வந்து வாய்த்தவன் ராஜவேலு. பழவேற்காட்டில் ஏரியையும் கடலையும் ஒட்டிய குப்பத்து மீனவப் பிள்ளை. ஓர் இறால் வியாபாரியின் பைக்கில் கூடைகளைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் மெட்ராஸ் மார்க்கெட்டில் இறக்குவது அவன் பிழைப்பு. ஐஸ் உருகினால் சரக்கு நாறிவிடும், அதனால் மெதுவாக ஓட்டுவது என்றால் என்னவென்றே ராஜவேலுவுக்குத் தெரியாது. முதல் ஓட்டத்தில் அவன் ஜெயித்தான். இரண்டாவதில் தானியேல். மற்ற ஓட்டிகளெல்லாம் பேருக்கு ஓடினார்கள்.

மூன்றாவதில்தான் வினை வந்தது. கடைசிச் சுற்றில் ராஜவேலு நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். தானியேல் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால். முடிவுக் கோடு தெரியும் நேரம் பார்த்து, மாசி மகத்துக்குக் கடலாடப் புறப்பட்ட ஓர் உள்ளூர் அம்மன் பம்பையும் உடுக்கையுமாகப் பல்லக்கில் ஏறி, ஓடுதள ஓரத்து மண்பாதையில் வந்தாள். ரேஸ் பார்த்த கூட்டம் அப்படியே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ராஜவேலுவும் வலது கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனான். அவன் வண்டி தளர்ந்தது. தானியேல் அவனை ஒட்டி உரசினாற்போல் சீறிக்கொண்டு போனான். கோட்டைத் தொட்டபோது தானியேலின் முன்சக்கரம் அரைச் சக்கரம் முந்தி இருந்தது, அவ்வளவுதான்.

மோட்டார் பைக்குக்கு ஆக்சிலேட்டர் வலது கைப்பிடியில்தான் இருக்கிறது. அந்தக் கையை எடுத்தால் வண்டி என்ன செய்யும்? கூட்டத்துக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் ஒரே ஆரவாரம். 'சாமிக்காகக் கப்பையே உட்டுட்டான்யா!' ராஜவேலு இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே பல்லக்கின் பின்னால் நடந்தான். பார்த்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

'ஆட்சேபம் இருந்தால் சொல், மறுபடி ஓடலாம்' என்று பந்தயக்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ராஜவேலு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். கப்பு தானியேல் கைக்கு வந்தது. கைதட்டத்தான் ஆளில்லை.

அன்று பிடித்த சனி. ராஜவேலுவின் குப்பத்தில் அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். வருஷா வருஷம் மாசி மகத்தன்று அம்மன் கடற்கரைக்கு வந்ததும் அவனுக்குத்தான் முதல் மரியாதை, பரிவட்டம், மாலை. தானியேலுக்கு என்ன கிடைத்தது? துலுக்காணம் கிடைத்தார். சாமி கும்பிடுகிறவனை முந்திப் போன வேதக்கோயில்காரன் என்று வேறு நாலு பேர் முணுமுணுத்தார்கள். அம்மன் திருவிழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பேதம் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஊர்தான், ஆனால் ரேஸ் என்று வந்தால் மனிதனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடுகிறது.

எழுபத்துமூன்றில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனி வந்தது. அதன் மானேஜருக்கு ரேஸ் பைத்தியம். 'சோழவரம் சாம்பியனா நீ?' என்று கேட்டு, வேறு கேள்வி கேட்காமல் தானியேலை வண்டிகள் பராமரிக்கும் மெக்கானிக்காகச் சேர்த்துக்கொண்டார். மாதச் சம்பளம், காக்கிச் சட்டை, பகலில் கேண்டீன் சாப்பாடு. கல்யாணமும் ஆயிற்று. மனைவி ரோசம்மாள் கெட்டிக்காரி. ஆனால் அந்தக் காக்கிச் சட்டையைப் போடும்போதெல்லாம் தானியேலுக்கு நெஞ்சில் முள் குத்தியது. கப்பு ராஜவேலுவுடையது என்றால் இந்த வேலையும் அவனுடையதுதானே? அவன் இன்னும் இறால் கூடையைக் கட்டிக்கொண்டுதானே அலைகிறான்? ரோட்டில் ராஜவேலுவின் வண்டிச் சத்தம் கேட்டால் தானியேல் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

எழுபத்தாறில் அவனுக்குப் பொறுக்கவில்லை. மாசி மகத்தன்று லீவு போட்டுவிட்டுக் கப்பை மஞ்சப் பையில் எடுத்து வைத்தான்.

ரோசம்மாள் பார்த்துவிட்டாள். "எங்க கெளம்பிட்ட, பித்தளைப் பாத்திரம் விக்கிறவன் மாரி?"

"ராஜவேலு கிட்ட குட்துட்டு வந்துட்றேன். அது அவன்து."

"கப்ப குடுப்ப. வேலைய இன்னா பண்ணுவ? சம்பளத்த மாசா மாசம் மணியார்டர் பண்ணுவியா?" என்றாள் ரோசம்மாள். "யோவ், நீ ஓட்டின, நீ ஜெயிச்ச. இதுக்கு மேல இன்னாயா கீது?"

"அத அவன் சொல்லணும். அவன் ஒர்த்தன் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

ரோசம்மாள் அதற்குமேல் தடுக்கவில்லை. வழியில் சாப்பிட நாலு இட்லியைக் கட்டி அதே பையில் கப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பொன்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றபோது, மார்க்கெட்டுக்குப் போய்விட்டு காலிக் கூடைகளோடு திரும்பிய ராஜவேலுவே எதிரில் வந்து நின்றான். ஒளிய லாரி எதுவும் இல்லை.

"அட, தானியேலு! இன்னா நைனா, கண்ணுலயே ஆப்ட மாட்ற? குப்பத்துக்கா? ஏறு, ஏறு."

தானியேல் கூடைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தான். பையைத் திறந்து காட்ட ஒரு தருணம் தேடிக்கொண்டே போனான். ராஜவேலு வழக்கம்போலக் காற்றாகப் பறந்தான். வழியில் ஓர் எல்லையம்மன் கோயில். வேகம் துளியும் குறையாமல், ராஜவேலு இடது கையைத் தூக்கி நெற்றியில் தொட்டு நெஞ்சில் வைத்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு பிள்ளையார். மறுபடியும் இடது கை.

தானியேலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "இன்னாடா, சாமிய எடது கையால கும்புட்ற?"

"பின்ன? வலது கைய எடுத்தா வண்டி நின்னுடாதா?" என்றான் ராஜவேலு சாதாரணமாக. "அம்மாவுக்கு தெரியாதா, ஆக்சிலேட்டர் எந்தப் பக்கம் கீதுன்னு."

தானியேலின் சிரிப்பு பாதியில் நின்றது. வண்டி ஓடியது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம் போய் ராஜவேலு தானாகவே ஓரம் கட்டி, வண்டியை நிறுத்தி, இறங்கினான்.

"அப்ப அன்னிக்கு?" என்றான் தானியேல்.

ராஜவேலு ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அன்னிக்கு வண்டி முன்னியே பூட்ச்சி. எஞ்சின் ஜாமாயிடுமோன்னு பயந்துக்கினு பெட்ரோல்ல ஆயில கொஞ்சம் ஜாஸ்தி ஊத்திட்டேன். பிளக் அடச்சிக்கிச்சி. முறுக்குறேன், முறுக்குறேன், ஒண்ணியும் காணோம். நீ வர்ற சத்தம் முதுவுல கேக்குது. எதிர்ல பார்த்தா அம்மா வர்றா. காப்பாத்து தாயேன்னு கையத் தூக்குனேன். அவ்ளோதான் நைனா."

"அப்ப தள்ளிக்கினு போனது?"

"ஸ்டார்ட் ஆவலியே, பின்ன தள்ளாம?"

தானியேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ராஜவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஜனங்களே கதை கட்டிக்கினாங்க. நான் வாயத் தொறக்கல. மொதல்ல பேஜாராத்தான் இருந்திச்சி. அப்பறம் என் கழுத்துல போட்ட மாலைய எங்கம்மா சாமி படத்துக்கு மாட்டி வச்சிது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல, சாமிக்கு கப்ப குட்தவரு பொண்ணுன்னு சொல்லிக்கினு திரியுது. எங்க போயி உண்மைய சொல்றது?" அவன் முதல்முறையாகத் தானியேலின் முகத்தைப் பார்த்தான். "உன்ன ஊர்ல இன்னா பேசுறாங்கன்னு எனக்கும் தெரியும். நீ சொல்லணும்னா சொல்லிடு. ஜெயிச்சவன் நீ. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

தானியேல் பையைத் திறந்தான். கப்பை ஒதுக்கிவிட்டு இட்லிப் பொட்டலத்தை எடுத்தான். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டாகத் தின்றார்கள். தின்னும்போது தானியேலின் உள்ளே என்னென்னவோ ஓடியது. துலுக்காணத்தின் முகம், முணுமுணுத்த நாலு பேர், லாரிக்கு அடியில் படுத்த பகல்கள். எல்லாவற்றுக்கும் இன்றைக்குச் சாயங்காலமே பதில் சொல்லிவிடலாம். அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் குப்பத்துக் கடற்கரையில் அம்மன் இறங்கினாள். ராஜவேலுவின் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மாலையைக் கையில் வைத்திருந்த ஊர்த்தலைவர் சுப்பராயன், கூட்டத்தின் ஓரத்தில் மஞ்சப் பையோடு நின்றவனைக் கண்டுகொண்டார்.

"அட, கப்பு வாங்கின புள்ள! வாப்பா முன்னால. இத்தினி வருசமா நாங்கதான் கதை சொல்லிக்கினு கீறோம். கூட ஓடினவன் நீ. நீ சொல்லு, அன்னிக்கு இன்னா நடந்திச்சி?"

கூட்டம் தானியேல் பக்கம் திரும்பியது. ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பக்கத்தில் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், வாயைத் திறந்தபடி தானியேலையே பார்த்துக்கொண்டு நின்றது.

தானியேல் முன்னால் வந்தான்.

"எனக்கு முன்னாடி போய்க்கினு இருந்தான். அம்மா வந்தாங்க. கையத் தூக்கி கும்புட்டான். நான் தாண்டிப் பூட்டேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. கூட்டம் குலவையிட்டது. சுப்பராயன் மாலையை ராஜவேலு கழுத்தில் போட்டார். ராஜவேலு நிமிரவே இல்லை. அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ரோசம்மாள் பையை வாங்கிப் பார்த்தாள். இட்லி இல்லை, கப்பு இருந்தது.

"வாங்கிக்கலியா? இன்னா சொன்னான்?"

"ஒண்ணியும் சொல்லல. நான்தான் ஊர் முன்னால, அவன் சாமிய கும்புட்டான், நான் தாண்டிப் பூட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"போச்சி! அந்த டீக்கடைக்காரனுக்கு இன்னும் பத்து வருசத்துக்கு தீனி போட்டுட்டு வந்துகீற. உனக்கு ரோசமே கெடையாதாய்யா?"

 தானியேல் கப்பை எடுத்து, லுங்கி முனையால் அழுத்தித் துடைத்து, அலமாரியில் கர்த்தர் படத்துக்குக் கீழே வைத்தான். இத்தனை வருஷமும் அது அதே அலமாரியில் பழைய துணிகளுக்குப் பின்னால்தான் கிடந்தது.

"இது என்துடி, ரோசம்மா. நான் ஜெயிச்சது" என்றான். சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது.

"அதத்தானே நான் தலப்பாடா அடிச்சிக்கினு கீறேன்! அப்ப ஊருக்கு சொல்றதுக்கு இன்னா?"

"ஊர் கண்ணுக்கு அவனும் ஜெயிச்சிட்டுப் போவட்டும், விடு" என்று சொல்லிவிட்டுத் தானியேல் சாப்பிட உட்கார்ந்தான்.