ஒரு கையால் மடக்குகிற வண்டி

தங்கப்பாண்டிக்குத் தன் தங்கச்சி சந்தனச்செல்வி மேல் பதினோரு வருஷமாக ஒரு குறை உண்டு. அவள் கல்யாணத்துக்கு அவன் அலைந்து எடுத்த பீரோவை அவள் மூன்று தரம் கடைக்குத் திருப்பி அனுப்பினாள். ஒரு தரம் பூட்டு இறுக்கம் என்றாள். ஒரு தரம் கதவு கீச்சென்கிறது என்றாள். மூன்றாவது தரம் காரணமே கிடையாது, தலையை மட்டும் ஆட்டினாள். தன் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றினதும் இறக்கினதும் அவன்தான். பஜாரில் டீ குடித்துக்கொண்டு நின்றவன் எல்லாம், "என்ன அண்ணாச்சி, பீரோவுக்கு ஊர் சுத்திக் காட்டுதியளா?" என்று கேட்டான்.

செல்வியின் புத்தியே அப்படி. செருப்பு வாங்கப் போனால் கடைக்குள்ளேயே பத்து நடை நடப்பாள். குடை வாங்கினால் ஃபேனுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். கடைக்காரன் முகம் சுளித்தால் அவளுக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் வேர்க்கும்.

இந்தத் தடவை வந்து சேர்ந்தது, இரண்டு பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி.

அவள் புருஷன் இசக்கிராஜா குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டாவது பிரசவத்துக்கு அவள் மாப்பிள்ளையூரணியில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்து ஒன்பது மாதம் ஆயிற்று. சின்னவனுக்கு ஏழு மாதம், பெரியவனுக்கு மூன்றரை வயது. இனித் திரும்பிப் போக வேண்டும். இரண்டு ராத்திரி ரயில் பயணம். நடுவில் ஒரு ஜங்ஷனில் இறங்கி, வேறு பிளாட்பாரத்துக்குப் போய் ரயில் மாற வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது தோளில் பலம் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்து அணைத்துக்கொள்வாள். தூக்கச் சொன்னால் அந்தக் கை வராது.

"பெரியவன் இங்கனயே இருக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போ" என்று முதலில் சொன்னவன் தங்கப்பாண்டிதான்.

"ரெண்டும் என் பிள்ளை. ரெண்டும் என்கூடத்தான் வரும்" என்றாள் செல்வி.

"ஒத்தக் கைய வச்சிட்டு ரெண்டையும் தூக்கிருவியோ? அப்ப நானும் கூட வாரேன்."

"ஒவ்வொரு லீவுக்கும் வருவியளா? உங்க லோடை யாரு அடிப்பா? நான் தூக்கப் போறதில்லண்ணே. தள்ளிட்டுப் போறேன். தோதா ஒரு வண்டி மட்டும் பாத்துக் குடுங்க. கெடைக்கலன்னா பெரியவன விட்டுட்டுப் போறேன்."

அந்தக் கடைசிப் பேச்சை அவள் சொல்லியிருக்க வேண்டாம். தங்கப்பாண்டிக்கும் அவன் பெண்டாட்டி அனுசியாவுக்கும் பிள்ளை இல்லை. ஒன்பது மாதமாகப் பெரியவன் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் உறங்குகிறான்.

செந்தில்வேல் அண்ணாச்சி பிள்ளைகள் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கடைச் சரக்கெல்லாம் தங்கப்பாண்டியின் வண்டியில்தான் வரும். அந்தப் பழக்கத்தில், "கொண்டு போயிப் பாத்துட்டே முடிவு பண்ணுங்க. அழுக்காக்கிராதிய" என்றார்.

முதல் வண்டியைத் தங்கப்பாண்டியே எடுத்தான். லோடு வண்டிக்காரன் கண்ணுக்குப் பிடித்த வண்டி. சக்கரத்தை உதைத்துப் பார்த்தான், கம்பியில் ஏறி நிற்காத குறையாக அமுக்கிப் பார்த்தான். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். செல்வி அதை வீட்டு வாசலில் வைத்துப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொண்டு போகச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பதிலாகப் பதினாலு கிலோ அரிசிப் பை ஒன்றும் எட்டுக் கிலோ பை ஒன்றும் வைத்துக் கட்டினாள். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் புறப்படக் காலியாக நின்ற சென்னை ரயிலுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மடக்காமல் ஏற்றலாம் என்று பார்த்தால் பெட்டி வாசலில் மாட்டிக்கொண்டது. மடக்கலாம் என்றால் இரண்டு கையும் வேண்டும். அவன் இழுக்க, அவள் தள்ள, அதற்குள் ரயில்வே போலீஸ்காரி ஒருத்தி வந்துவிட்டாள்.

"என்னது, பிள்ளை வண்டில அரிசி போவுது? ரேஷன் அரிசியா?"

"இல்ல மேடம், இது பிள்ளை" என்றான் தங்கப்பாண்டி, பதற்றத்தில்.

அவள் பையைத் தட்டிப் பார்த்தாள். "பிள்ளை நல்லா புழுங்கியிருக்கு" என்றாள்.

அதை விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. செல்வி பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை உதவவில்லை. பெட்டி வாசலைச் சாணால் அளந்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது வண்டி ஒருவர் பின் ஒருவர் உட்காருவது. வாசலில் நுழைந்தது. ஆனால் அதன் கனத்துக்கு ஒரு கையால் அசைக்க முடியவில்லை. அதையும் திருப்பிக் கொடுத்தான். செந்தில்வேல் அண்ணாச்சி இப்போது சிரிக்கவில்லை.

"உங்க தங்கச்சிக்கு வண்டி வேணுமா, வாரம் ஒரு தடவ ஸ்டேஷன் பாக்கணுமா?" என்றார்.

"என்னையக் கேட்டா? பொறந்ததுலருந்து நானும் அதத்தான் கேக்கேன்."

அன்றைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அனுசியா, "எந்த வண்டியும் தோதா வராது போலிருக்கே" என்றாள். தட்டைப் பார்த்துச் சொன்னாள். அவனும் தட்டைப் பார்த்தபடியே "ம்" என்றான்.

மூன்றாவது வண்டியைச் செல்வி தானே தேடி எடுத்தாள். ஒல்லியான வண்டி. முன்னால் சின்னவனுக்கு ஒரு இருக்கை, பின்னால் பெரியவன் நிற்க ஒரு பலகை, அவ்வளவுதான்.

"இது என்னளா, மினி பஸ் படிக்கட்டு மாதிரி? நாலு நாள் தாங்காது."

"ரெண்டு நாள் தாங்குனாப் போதும்."

இந்தத் தடவை அரிசி இல்லை, பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியவன் பலகையில் ஏறி நின்று, பிளாட்பாரம் நெடுக "போலாம் ரைட்" என்று கத்திக்கொண்டே வந்தான். தங்கப்பாண்டிக்கு எரிச்சலாக வந்தது. பயலுக்கு அவ்வளவு சந்தோஷம் எதற்கு?

பெட்டி வாசல் பக்கம் வந்ததும் செல்வி நின்றாள்.

"நீங்க அந்த டீக்கடைகிட்டப் போயி நில்லுங்க."

"எதுக்கு?"

"பக்கத்துல நின்னா உங்க கை சும்மா இருக்காது. அந்த ஜங்ஷன்ல எனக்கு யாரு இருக்கா?"

போய் நின்றான். டீ வாங்கினான், குடிக்கவில்லை. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அவள் வலது கையால் சின்னவனை எடுத்து இடுப்பில் வைத்து, இடது கையால் அணைத்துக்கொண்டாள். பெரியவன் இறங்கி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். வண்டியை மடக்கும் வாரை இழுத்தாள். அது வரவில்லை. சின்னவன் அழ ஆரம்பித்தான். இன்னொரு தரம் இழுத்தாள். வரவில்லை. தங்கப்பாண்டி இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றான்.

வரவேண்டாம், அந்த வார் வரவே வேண்டாம் என்று அவன் நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

செல்வி குனிந்து பார்த்தாள். கீழே ஒரு கொக்கி இருந்தது. அதைக் காலால் மிதித்துக்கொண்டு வாரை இழுத்தாள். வண்டி குடை மாதிரிச் சுருண்டது. வலது கையால் தூக்கி உள்ளே போட்டாள். "ஏறுலே" என்றாள் பெரியவனிடம். அவன் கம்பியைப் பிடித்து ஏற, அவள் முழங்காலால் அவன் பின்பக்கத்தை ஒரு உந்து உந்தினாள். பிறகு அவளும் ஏறினாள். மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

டீ ஆறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெட்டியின் அடுத்த வாசல் வழியாக இறங்கினார்கள். சின்னவனை உட்கார வைத்து, பெரியவனைப் பலகையில் நிற்க வைத்து, அவள் தள்ளிக்கொண்டு நேரே அவனிடம் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கியது.

"கொக்கி கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றாள்.

"அப்ப திருப்பிக் குடுத்துருவமா?" என்று அவன் கேட்டான்.

அவள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். கைப்பையைத் திறந்து பெரியவனுடைய ஆதார் அட்டையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அஞ்சு வயசுக்குக் கீழன்னா டிக்கெட் வேண்டாம்பாவ. ஆனா அவனுக்குப் படுக்க எடம் வேணும்லா. கவுண்டர் இன்னும் தொறந்துதான் இருக்கு. போயி இவன் பேருல ஒரு பெர்த்து போட்டுட்டு வாங்கண்ணே. கீழ் பெர்த்தாக் கேளுங்க."