இரண்டு பக்கமும் கட்டிய பந்தயம்

எண்பத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலம் என்று நினைக்கிறேன். நானும் இவரும் டொரொன்டோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் இருந்தோம். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த மனுசன், இங்கே மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு என் தங்கச்சி கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்தாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட நாங்கள் சேர்த்த காசு வங்கியில் சும்மா கிடப்பது இவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

தொழிற்சாலையில் ஐஸ் ஹாக்கிக்குப் பந்தயம் பிடிக்கும் புக்கி ஒருவன் இருந்தான். மொன்றியலில் இருந்த இவருடைய தமையனுக்கும் அங்கே ஒரு புக்கியைத் தெரியும். இரண்டு நகரமும் மோதும் நாளில் ஒரு புதினம் நடக்கும். இங்கே எல்லோரும் பாசத்தில் சொந்த அணிக்கே கட்டுவார்கள். அதனால் மொன்றியலுக்குக் கட்டுகிறவனுக்கு இங்குள்ள புக்கி கூடுதலாகத் தருவான். அங்கே அப்படியே தலைகீழ். இங்கே மொன்றியலுக்கும் அங்கே டொரொன்டோவுக்கும் ஒரே நேரத்தில் கட்டினால், எவன் வென்றாலும் எங்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும். சமமாக முடிந்தால் கட்டின காசு திரும்பி வரும்.

"உது சூதில்லையப்பா, கணக்கு," என்றார் இவர்.

உள்ளதைச் சொல்லவேண்டும், முதல் சில தரம் கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆட்டம் விளங்கத் தேவையில்லை, எவன் நல்லாக விளையாடுகிறான் என்று பார்க்கத் தேவையில்லை. ஆனால் மிஞ்சுகிற அந்தச் சொற்பத்துக்காகச் சேமிப்பு முழுவதையும் இறக்கவேண்டியிருந்தது. புக்கி காசைத் தராமல் விட்டால் பொலிசுக்குப் போக ஏலாது. எப்போதும் மற்றவன் பக்கமே கட்டுகிற ஆளை அவன் சந்தேகிக்கவும் தொடங்குவான். எல்லாவற்றையும்விட, ஒரு பக்கம் கட்டி மற்றப் பக்கம் கட்டாமல் போனால் கணக்கு வெறும் சூதாகிவிடும். இவர் இங்கே கட்டிவிட்டால், மொன்றியலிலிருந்து போன் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ஆட்டம். ஐந்து மணிக்கு இவர் பாதிக் காசை இங்கே கட்டிவிட்டு வந்தார். அதே நேரத்தில் மற்றப் பாதியைத் தமையன் அங்கே கட்டவேண்டும். ஆறு மணியாகியும் போன் வரவில்லை. நாங்கள் எடுத்தால் லைன் எங்கேஜ். ஆட்டம் தொடங்கின பிறகுதான் தமையன் எடுத்தார்.

"தம்பி, நாலரையிலையிருந்து ஆறு மட்டும் ராகுகாலமடா. காசு விஷயம், பொறுத்துக் கட்டுவம் எண்டு இருந்தனான். ஆறுக்குப் பிறகு அடிச்சு அடிச்சுப் பாக்கிறன், புக்கியின்ரை லைன் கிடைக்கேல்லை."

போனைப் பறித்தேன். "இஞ்சை நாலரைக்கே பொழுது பட்டிட்டுது. உங்கடை பக்கம் அதுக்கும் முன்னம். இருட்டினாப் பிறகு என்ன ராகுகாலம்?"

"கலண்டரிலை அப்பிடித்தானே போட்டுக் கிடக்கு," என்றார், பாவம். யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு அடித்த கலண்டர் மொன்றியல் குசினியில் தொங்கினது. அவரை நம்பித்தான் என் தங்கச்சியின் வரவு இருந்தது.

மொன்றியல் தோற்றால் அவளுக்கென்று வைத்ததில் பாதி போய்விடும். ஆட்டத்தின் விதிகூடத் தெரியாத நான், முன்பின் பார்த்திராத மொன்றியல்காரருக்காக நல்லூர்க் கந்தனிடம் நேர்ந்தேன். மேல்மாடியில் டொரொன்டோவுக்காகக் காலால் தரையைத் தட்டினார்கள். இவரோ டிவிக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

மொன்றியல் வென்றது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் எழும்பித் துள்ளினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை அப்படி நான் கண்டதில்லை. காது இரண்டும் சிவந்து, கண் பளபளத்தது.

"பாத்தீரே? இவ்வளவு நாளும் விசரன் மாதிரி ஏன் ரெண்டு பக்கமும் கட்டினனான்?"

ஆட்டம் நடந்தபோதுகூட வராத அளவு பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இவரோடு மிசிசாகாவுக்குப் போனேன். புக்கி காசை நீட்ட, இவருக்கு முன்னால் நான் கையை நீட்டி வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். தமையனிடம் கிடந்த பாதியையும் எனக்கே அனுப்பச் சொன்னேன். கொழும்புக்குக் காசு அனுப்பிக்கொடுக்கிற ஆள் மறுநாள்தான் வருவார். வீட்டுக்கு வந்தும் பையை நான் இறக்கவில்லை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டே வெங்காயம் அரிந்தேன், புட்டு அவித்தேன்.

இவர் குசினி வாசலில் வந்து நின்று பையையே பார்த்தார்.

"வாற சனியும் ஒரு மாட்ச் இருக்கு," என்றார்.

"இருக்கட்டும். சாப்பிட வாங்கோ," என்றேன். சாப்பிடும்போதும் பை என் மடியிலேயே இருந்தது.