கற்பூரம் அணைத்த படைத்தலைவன்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊரைக் காலி செய்தவர்கள் மயிலாப்பூருக்குத் திரும்பி வந்த வருஷம், எங்கள் பெரியப்பா பிள்ளை ஒரு நாடகம் எழுதினான். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு நாடு. அதன் வானத்தில் இரண்டு நிலா. அதைக் காப்பது வெண்சுடர்ப் படை என்றொரு புனித வீரர் கூட்டம். பொய் சொல்ல மாட்டார்கள், புறமுதுகு காட்ட மாட்டார்கள், கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள். நடித்தவர்கள் அத்தனை பேரும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். பிஸ்கட் டின்னை வெட்டிக் கவசம் செய்திருந்தார்கள். இருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறுத்துவிட்டார்கள். கழற்றினால் எதிரி யாரென்று தெரியாதாம்.

படைத்தலைவன் வேஷம் எனக்கு நிச்சயமாகியிருந்த தி.நகர் மாப்பிள்ளைக்கு. தை மாதம் கல்யாணம். பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

வீரர்கள் வாளைத் தொட்டு விரதம் ஏற்பதாகத்தான் பெரியப்பா பிள்ளை முதலில் எழுதியிருந்தான். வாளைத் தொட்டால் மயிலாப்பூரில் எவன் நம்புவான் என்று ஒத்திகையில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். என் அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, "ஆயுள் உள்ளவரை ஒரு பெண்ணையும் மணக்க மாட்டேன்" என்று கொட்டகை அதிர முழங்கிவிட்டு, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார் மாப்பிள்ளை. ஒரே கைதட்டல். அப்பா மட்டும் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கல்யாணம் கிடையாது என்றார். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் அவள் தாலி நிலைக்குமா என்று கேட்டார். அம்மா அழுதாள். பெரியப்பா பிள்ளை ஓடி வந்து, அந்த நாடே பொய், அந்தச் சாமியே தான் இட்டுக்கட்டியது என்று மன்றாடினான்.

"சாமி பொய்யாவே இருக்கட்டும். கற்பூரம் கடையில வாங்கினதுதானே?" என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டு நிலாவையும் பிடுங்கி பெரியப்பா பிள்ளை தலையில் போட்டிருப்பேன். கடைசியில் எங்கள் சாஸ்திரிகள் ஒரு வழி சொன்னார். விரதம் கொடுத்த குருவே, அதே மேடையில், அதே மாதிரி கற்பூரம் ஏற்றி விடுவித்தால் தோஷமில்லை. குரு என்பவர் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்ட ஒரு அடையாறு குமாஸ்தா. அவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

புதுக் காட்சி எழுதி நாடகத்தை மறுபடி போட்டார்கள். யுத்தம் முடிந்தது, படை கலைகிறது. குரு கற்பூரத்தை நீட்டினார். அன்று அப்படி முழங்கிய மனிதர் இன்று விரதத்தை விடும் வசனத்தை என்னவோ முணுமுணுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுத்தவர் குரல்தான் எங்களுக்குக் கேட்டது. இவருக்கு இஷ்டமே இல்லையோ? பிரம்மசாரியாகத் தப்பிக்கப் பார்க்கிறாரோ? பெண்கள் வரிசையிலிருந்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கேக்கலை. மனசு இருந்தா சத்தமா சொல்லச் சொல்லுங்கோ."

கொட்டகை முழுக்கத் திரும்பியது. அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவர் தகரக் கிரீடத்தைக் கழற்றினார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"விட்டேன். இவளையே பண்ணிக்கறேன்" என்று கத்தி, கற்பூரத்தை அடித்த அடியில் தட்டே பறந்துவிட்டது.

அடுத்த வாரம் முகூர்த்தம். கைப்பிடிக்கும் நேரத்தில் அவர் உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. வலியில் என் கையை மெல்ல விடப் பார்த்தார். நான் விடவில்லை.