கபோவில் கத்தி ஓங்கிய மத்தியானம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் புருஷன் இன்றும் உயிரோடு இருந்து, கறியில் உப்புக் குறைவு என்று என்னிடம் குறை சொல்கிறார். அதற்காகவே முதலில் தேவனைத் துதிக்கிறேன். அந்தக் குரலை இனிக் கேட்கவே மாட்டேன் என்று நினைத்த ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2014ஆம் ஆண்டு. வவுனியாவில் இருந்து எங்கள் சபை எங்கள் இருவரையும் இத்தாலிக்கு ஊழியத்துக்கு அனுப்பியிருந்தது. பலேர்மோவின் பழைய பகுதியான கபோவில், சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்தில் கீழ்வீடு எடுத்திருந்தோம். அதுவே வீடு, அதுவே ஜெபக்கூடம். தமிழ்ச் சனம் வந்தது. ஆனால் நாங்கள் போனது அந்த ஊர்ச் சனத்துக்கும் சுவிசேஷம் சொல்ல. அதற்குப் பாஷை வேண்டுமே!

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் வாய்க்காரி. வவுனியாவில் மைக் கைக்கு வந்தால் இலேசில் திருப்பிக் கொடுக்க மாட்டேன். பலேர்மோவில் அந்த வாய்க்கு வேலையே இல்லை. செலவுக்காக ஒரு சிஞ்ஞோராவின், அந்த ஊர் அம்மா ஒருவரின், வீடு துடைக்கப் போனேன். வாளி, துணி, ஜன்னல், குசினி. என் இத்தாலியன் அவ்வளவுதான். வாளியையும் துணியையும் வைத்துக்கொண்டு இயேசுவைப் பற்றி என்னத்தைச் சொல்ல? "ஆண்டவரே, வாயைக் கட்டிப்போட்டு ஏன் என்னை இங்கே கொண்டுவந்தீர்?" என்று சண்டை பிடித்தே ஜெபித்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் கார்மேலா என்ற பெண் இருந்தாள். அவள் புருஷன் சால்வோ சந்தையில் மீன் வெட்டி விற்கிறவன். ஒருநாள் எங்கள் பாட்டைக் கேட்டுப் படியில் வந்து நின்றாள். வயிற்றில் கை வைத்தாள். பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் இரண்டு கையையும் ஆட்டினாள். பிறகு கையை விரித்து வெறுமையாகக் காட்டினாள். பிள்ளை செத்துவிட்டது. இதை விளங்க எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அவள் கையைப் பிடித்து, சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் பெண்கள் ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் நாங்கள் பிழை விட்டோம். வவுனியாவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவே கேட்கச் சத்தமாக ஜெபிப்போம். பலேர்மோவில் அயலவர்கள் சத்தம் என்று குறைப்பட்டதால் கதவைப் பூட்டி, ஜன்னல் பலகைகளையும் இறுக்கிச் சாத்தத் தொடங்கினோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம். சத்தத்தை மட்டும் குறைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று கார்மேலாவை நடுவில் இருத்தி, தலையில் கை வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் ஜெபித்தோம். அவள் அப்படியே நிலத்தில் சரிந்தாள். மார்பில் அடித்துக் கதறினாள். நாங்கள் அவளைச் சுற்றி நின்று இன்னும் பலமாகக் கத்தினோம்.

சந்தை முடிந்து சால்வோ வந்தான். அவன் பக்கத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுக்காரரின் பூட்டிய கதவு. வாசலில் மனைவியின் சப்பாத்து. உள்ளே அவளுடைய அலறல், அதற்கு மேல் எங்களுடைய அலறல். எந்த ஆம்பிளைதான் கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பான்?

கதவு பிளந்துகொண்டு விழுந்தது. ஜெபத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவது என் புருஷன் ஜெயசீலனின் வேலை. சத்தம் கேட்டுக் கேத்தலோடு ஓடி வந்தார். சால்வோ முகத்தில் குத்தினான். கேத்தல் பறந்து சுவரில் அடித்தது. அடுத்தது மீன்கத்தி. ஜெயசீலன் கையைக் குறுக்கே கொடுத்தார். முழங்கைக்குக் கீழே வெட்டு ஆழமாக விழுந்தது. இரத்தம் என் முகத்திலும் தெறித்தது. விழுந்தவரை அவன் மிதித்தான்.

நானும் சும்மா நிற்கவில்லை. கதிரையைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். ஊழியக்காரி என்பதெல்லாம் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. அவன் திரும்பி என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, கத்தியைக் கழுத்தில் வைத்தான். மற்றச் சகோதரிகள் மூலையில் கிடந்து குழறினார்கள். கார்மேலாவை ஒருவரும் அடிக்கவில்லை, அவள் தன் பிள்ளைக்காக அழுகிறாள் என்று அவனிடம் சொன்னால் போதும். எனக்கு வந்தது வாளியும் துணியும்தான். "அப்பா, ஒரு சொல் தாரும். ஒரேயொரு சொல்!" என்று உள்ளுக்குள் கதறினேன்.

எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

கார்மேலா எழும்பினாள். கத்தாமல், அவன் கண்ணைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதில் மத்தேயோ என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது. கத்தி கீழே விழுந்தது. சால்வோ நிலத்தில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவள் சொன்னது இதுதான் என்று பிறகு அறிந்தேன்: "நான் மத்தேயோவுக்காக அழுறன், சால்வோ. நீயும் அழு." பிள்ளையைப் புதைத்த நாளில் இருந்து அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் சொல்லப்படவே இல்லையாம். ஒரே பாஷை பேசுகிற இரண்டு பேர்! என் வாயைத் திறக்கச் சொல்லி நான் கேட்டேன். ஆண்டவர் அவள் வாயைத் திறந்தார்.

ஆனால் என் புருஷன் இரத்தத்தில் கிடந்தார். சால்வோ தன் ஏப்ரனை அவர் கையில் இறுக்கிக் கட்டி, அவரைத் தூக்கித் தன் மூன்று சில்லு மீன் வண்டியில் போட்டான். நான் பின்னால் மீன்பெட்டிகளுக்கு நடுவில் ஏறினேன். முன்னுக்கு இருந்து ஓட்டியவனுடைய தகரக் கூட்டை, அவன் முதுகு என்றே நினைத்து ஆசுப்பத்திரி வரைக்கும் குத்திக்கொண்டே போனேன். ஒரு குத்துக்கு ஒரு ஜெபம், ஒரு ஜெபத்துக்கு ஒரு வசவு. ஆண்டவர் எதை எடுத்து எதை விட்டாரோ தெரியாது.

உயிர் தப்பியது. ஆனால் நரம்பு வெட்டுப்பட்டதால் விரல்கள் இனி அசையும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பொலிஸ் வந்தது. பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்து வந்த ஒரு தமிழ்ச் சகோதரி மொழிபெயர்த்தார்.

"அவனை உள்ளுக்குப் போடச் சொல்லுங்கோ அக்கா!" என்றேன்.

ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார்: "இஞ்சை பாரும், தன்ரை மனுசியை நாங்கள் கொல்லுறம் எண்டு நினைச்சு வந்தவன். நானெண்டாலும் கதவை உடைச்சிருப்பன்."

"நீங்களோ? ஊறுகாய்ப் போத்தல் மூடியையே நான்தானே திறந்து தாறனான்!"

அவர் நடந்ததை நடந்தபடி பொலிஸிடம் சொன்னார். அவனுக்காகவும் மன்றாடினார். சால்வோவை வெளியே விட்டார்கள், வழக்கு அதன் பாட்டில் நடந்தது.

சில நாள் கழித்துச் சால்வோ வார்ட்டுக்கு வந்தான். கட்டிலருகே முழங்காலில் நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ரை கையைத் தூக்கி அவன்ரை தலையிலை வையும்" என்றார் ஜெயசீலன்.

"மாட்டன்."

"வையுமன்."

மனமில்லாமல்தான் தூக்கினேன். கை மரக்கட்டைபோல் கனத்தது. கொண்டுபோய் அவன் தலையில் வைத்தேன். என் புருஷன் தமிழில் ஜெபித்தார். சால்வோவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. "ஆமென்" என்றபோது அவனும் "ஆமென்" என்றான். அப்போது பார்த்தேன். அந்த விரல்கள் மடங்கின! வெட்டியவனின் தலைமயிரைப் பிடித்தன! சால்வோ போட்ட சத்தத்தில் தாதிமார் ஓடி வந்தார்கள்.

இன்று அந்தக் கையால் அவர் ஆராதனையில் அப்பம் பிட்கிறார். கார்மேலா எனக்கு இத்தாலியன் படிப்பிக்கிறாள். பிழை பிழையாக நானும் சாட்சி சொல்கிறேன், சனம் சிரித்துச் சிரித்துக் கேட்கிறது. எனக்குக் கோபம் வருவதில்லை.

பாஷை தெரியாத தேசத்துக்குப் புறப்படுகிற என் சகோதர சகோதரிகளே, பயப்படாமல் போங்கள். சொல் வராத நாளும் வரும். மன்னிக்க மனமே வராத நாளும் வரும். எனக்கு வரவில்லை. ஆனாலும் கையைத் தூக்கி வையுங்கள், மிச்சத்தை அவர் செய்வார்.