மட்டையைக் கீழே போடாதே

ஜெர்மன்டவுன் காலுறை ஆலையில் தறி ஓட்டிய சைலஸ் ஓல்டர்ஷாவுக்கு வாரத்தில் ஐந்தரை நாள் வெறும் காத்திருப்பு. சனிக்கிழமை மதியம் தறிகள் ஓய்ந்தால்தான் மனிதருக்கு உயிர் வரும். ஆலைக்குப் பின்னால் கிடந்த புல்வெளியின் நடுவே இருபத்திரண்டு கஜ ஆடுதளத்தை உருளை இழுத்து இழுத்துச் சமன் செய்து வைத்திருந்தார். இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த இருபது வருடத்தில் அவர் ஊரைப் பற்றிப் பேசியது குறைவு. அந்தத் தரையில் கிரிக்கெட் ஆடும்போது பேசத் தேவையும் இருக்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் திரும்பினார்கள். முகாமில் பழகிய பேஸ்பால் அவர்களோடு வந்தது. மேற்பார்வையாளர் ஹாப்ஸ் நேராகவே சொல்லிவிட்டார்:

"யோவ் சைலஸ், ஒங்க ஆட்டம் எப்ப முடியுதுன்னு ஆடுறவனுக்கே தெரியல. பசங்க மைதானம் கேக்குறாங்க. வர்ற சனிக்கிழமை கிரிக்கெட்டுல கென்சிங்டன்காரங்கள ஜெயிச்சுக் காட்டு, மைதானம் ஒனக்கு. இல்லன்னா நம்ம பசங்களுக்கு."

சைலஸையும் சேர்த்துப் பத்து பேர்தான் தேறினார்கள். பதினோராவது ஆளுக்கு, பக்கத்து வீட்டு ஏமஸ் கைசரின் கதவைத் தட்டினார். பேஸ்பாலில் அவனைப் போல அடிப்பவன் அந்தத் தெருவில் கிடையாது.

"அடிக்கிறது சரி அண்ணே. அடிச்சதும் மட்டையத் தூக்கிப் போட்டுட்டு ஓடித்தான எனக்குப் பழக்கம்?"

"அதத்தான் செய்யக் கூடாது. கையோட கொண்டுபோய்க் கோட்டுக்குள்ள தரையில வைக்கணும்."

ஏமஸின் கொல்லையில் ஒரு வாரம் பழக்கினார். பத்து தடவைக்கு ஏழு தடவை மட்டை புல்லில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த சைலஸின் மனைவி கெசையா சிரித்தாள்.

"மட்டைய அவன் கையோட சேத்துத் தச்சு விடுங்களேன். ஊசி நூல் நான் தர்றேன்."

அவள் கிண்டலை அவர் நிஜமாக எடுத்துக்கொண்டார். ஆட்டத்தன்று ஏமஸின் மணிக்கட்டில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினார். "இதப் பாக்குறப்பல்லாம் மட்டைய நினைச்சுக்க."

வெயில் சாய்ந்தபோது கடைசி ஜோடியாக ஏமஸும் சைலஸும் நின்றார்கள். இரண்டு ஓட்டம் எடுத்தால் வெற்றி. ஏமஸ் ஓங்கி ஒன்று விட்டான். பந்து வேலியை நோக்கிப் பறந்தது. எதிர்முனையிலிருந்து பாய்ந்த சைலஸின் கண்ணில் முதலில் பட்டது பந்து அல்ல, புல்லில் கிடந்த மட்டை.

முதல் ஓட்டத்தில் கணக்கு சமமானது. இரண்டாவதற்குத் திரும்பினார்கள். ஏமஸ் உயிரைக் கொடுத்து ஓடினான். அவன் போட்டுவிட்டுப் போன மட்டை கோட்டுக்குள் கிடக்க, ஆள் ஒரு முழம் வெளியே இருக்கும்போதே குச்சிகள் சரிந்தன.

ஏமஸ் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். நூல் அவிழாமல் அப்படியே இருந்தது.

"அண்ணே..." என்றான்.

"தோக்கலியே, சமன்தான?" என்று ஹாப்ஸிடம் கேட்டுப் பார்த்தார் சைலஸ்.

"ஜெயிச்சாத்தான்னு சொன்னேன்யா."

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டிலேயே இருந்துவிடப் பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை. மைதானத்து வேலியோரம் போய் நின்றார். மணல் திணித்த கோணிப்பைகளை நாலு மூலையில் வைத்திருந்தார்கள். அவர் உருட்டிய தரையின் குறுக்கே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வந்த ஏமஸ் தலையைச் சொறிந்தான்.

"ஒம்போது பேர்ல ஒருத்தன் வரல. வாங்களேன் அண்ணே."

மறுக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் கைகள் மட்டைக்கு நீண்டுவிட்டன. உருண்டையான மட்டை, பிடிக்கவே அந்நியமாக இருந்தது. இரண்டாவது பந்தை அடித்துவிட்டு ஓடினார்.

"மட்டையப் போட்டுட்டு ஓடுங்க பெருசு!"

மைதானமே கத்தியது, சிரித்தது. அவருக்குக் கேட்கத்தான் செய்தது. விரல்கள்தான் விடவில்லை. கோணிப்பைக்கு ஒரு முழம் முன்னாலேயே குனிந்து, இல்லாத ஒரு கோட்டுக்குள் மட்டையின் நுனியைப் பத்திரமாகத் தரையில் வைத்தார்.